இனிப்பு நின்ற செவ்வாய்க்கிழமை

— அந்தக் கையை மடக்காதீங்க அண்ணி. மடக்குனா மெஷின் திரும்பக் கத்தும்.

— கத்தட்டும். முப்பத்தொரு வருஷம் நான் மணி அடிச்சா ஒரு பள்ளிக்கூடமே அடங்குச்சு. இப்ப இது அடிச்சா நான் அடங்கணும். நீ பேச்சை மாத்தாத. வந்ததுலேர்ந்து சேலைத் தலைப்பைப் பிடிச்சு நீவிக்கிட்டே இருக்க. கிழிஞ்சா நீயேதான் தைக்கணும். என்ன விஷயம்?

— ஒண்ணுமில்ல.

— ஒண்ணுமில்லாததுக்கா இப்படி வேர்க்குது? இந்த ரூம்ல எனக்கு ரெண்டு கம்பளி போத்தியிருக்காங்க, அப்பவும் பல்லு தந்தி அடிக்குது. உனக்கு நெத்தியில தண்ணி வழியுது.

— லிஃப்ட்ல கூட்டம். படியேறி வந்தேன்.

— இந்தா பாரு. நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு உன் சிறுநீரகம் ஒண்ணை எடுத்து எனக்கு வைக்கப் போறாங்க. கூடப் பிறந்தவன், உன் புருஷன், அவனுக்கே சர்க்கரைன்னு வேணாம்னுட்டாங்க. எங்கிருந்தோ வந்த உனக்குப் பொருந்துச்சு. இதுக்கு மேல நாத்தனாருக்கும் தம்பி பொண்டாட்டிக்கும் நடுவுல என்ன ஒளிவு மறைவு? சொல்லு. சுருக்கமா சொல்லு.

— மணி என்ன? நாலாக இன்னும் எவ்வளவு இருக்கு?

— மூணு பத்து. மூணாவது தடவை கேக்குற. நாலு மணிக்கு என்ன இருக்கு?

— டாக்டர் வருவாருல்ல.

— அவர் தினமும்தான் வர்றாரு. புலியா, சிங்கமா? சரி, அந்தக் கிண்ணத்துலேர்ந்து ஒரு ஐஸ் துண்டு எடுத்து என் வாயில போடு. சின்னதா. பெருசு போட்டா அதையும் தண்ணிக் கணக்குல சேத்துத் திட்டுவாங்க.

— இந்தாங்க… அண்ணி, ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது.

— வாயில ஐஸ் இருக்கு. சிரிக்க முடியாது. கேளு.

— நீங்க செபம் பண்றப்ப உங்களுக்குள்ள என்ன ஆகும்?

— முழங்கால் வலிக்கும்.

— பாத்தீங்களா!

— நான் சிரிக்கலையே. உள்ளதைச் சொன்னேன். காலையில அஞ்சரைக்கு எழுந்திருப்பேன், செபமாலை சொல்லுவேன், பூசைக்குப் போவேன், நன்மை அப்பம் வாங்குவேன், வீட்டுக்கு வருவேன். பாதி செபமாலையில அடுப்பை அணைச்சேனான்னு நினைப்பு ஓடும். அப்படியே அறுபத்தோரு வயசு ஆயிடுச்சு.

— ஒரு இனிப்பு, ஒரு ஆறுதல், அந்த மாதிரி எதுவும்…

— பக்கத்துல உக்காந்திருக்கிறவங்க கண்ணை மூடிக்கிட்டு அழுவாங்க. நான் அடுத்த ஞாயித்துக்கிழமை யாரு வாசகம் படிக்கிறதுன்னு யோசிச்சிட்டு இருப்பேன். எதுக்குக் கேக்குற?

— எனக்கு வந்துச்சு அண்ணி.

— எது?

— அதுதான். தவக்காலத்துல மூணு நாள் தியானம் வச்சாங்கல்ல. கடைசி நாள் சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் பீடத்துத் துணியோட ஓரம் பிரிஞ்சிருக்கு, தச்சுக் குடுன்னு பீடத்தைப் பாத்துக்குற கோயில் பிள்ளை கேட்டாரு. கையூசியால தச்சிட்டு இருந்தேன். பாதித் தையல்ல என்னன்னா, யாரோ என் முதுகுல உள்ளங்கையை வச்ச மாதிரி. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. சூடா இருந்துச்சு. அழுகை வந்துச்சு, ஆனா துக்கம் இல்ல. சத்தியமா சொல்றேன், இருபது வருஷமா நெஞ்சுக்குள்ள ஒரு முடிச்சு கிடந்துச்சே, அதை யாரோ நோகாம அவுத்து விட்டாங்க.

— எவ்வளவு நேரம்?

— நேரமா? ஒன்றரை மாசம்! துவைச்சா வருது, பாத்திரம் கழுவுனா வருது. கடையில மெஷினை மிதிச்சா அந்தச் சத்தம்கூட செபம் மாதிரி கேக்குது. உங்க தம்பி ஒருநாள் பயந்தே போயிட்டாரு. ‘என்னடி, தானா சிரிக்கிற, டாக்டர்கிட்ட போலாமா’ன்னு கேட்டாரு.

— அந்த ஒன்றரை மாசத்துலதான் என் வாசல்ல வந்து நின்ன.

— ஆமா. தியானத்துல யாரை மன்னிக்கணும்னு யோசிங்கன்னாங்க. யோசிக்கவே தேவைப்படல, உங்க முகம்தான் வந்துச்சு. மன்னிச்சது மட்டும் இல்ல, உங்களுக்கு வாரம் மூணு தடவை ரத்தம் சுத்தம் பண்றாங்கன்னு கேள்விப்பட்டதும், என்கிட்ட ரெண்டு இருக்கே, ஒண்ணு குடுப்போம்னு தோணுச்சு. ஒரு பாவாடை அதிகமா இருக்கு, எடுத்துக் குடுப்போம்ங்குற மாதிரி. அவ்வளவு லேசா இருந்துச்சு அண்ணி. துளி பயம் இல்ல.

— இப்ப?

— இப்ப இல்ல.

— பயம் இல்லையா?

— அது இல்ல. போயிடுச்சு. மூணு வாரத்துக்கு முன்னாடி, செவ்வாய்க்கிழமை. யூனிஃபார்ம் சட்டைக்குப் பட்டன் வச்சிட்டிருந்தேன். நாலாவது பட்டன் வைக்கிறப்ப இருந்துச்சு, அஞ்சாவதுக்கு இல்ல. கரண்ட் போன மாதிரி. வந்துடும் வந்துடும்னு பாத்தேன். கோயிலுக்குப் போனா சுவரைப் பாக்குற மாதிரி இருக்கு. சிலுவையைப் பாத்தா மரம் தெரியுது. நன்மை அப்பம் வாங்குனா வாயில ஒட்டுது, அவ்வளவுதான்.

— ம்.

— அதுக்குப் பதிலா பயம் வந்து உக்காந்துடுச்சு. மத்தியானம் கத்திரிக்கோலை எடுத்தா வயிறு கூசுது. துணியைக் கிழிக்கிற சத்தம் கேட்டா உடம்பு நடுங்குது. என் மக வேற, ‘உனக்கு ஒண்ணு ஆனா நான் எங்கம்மா போவேன், அத்தை நமக்கு என்ன செஞ்சாங்க’ன்னு கேக்குறா. பதினேழு வயசுப் பொண்ணு கேக்குறதுல என்ன தப்பு?

— தப்பே இல்ல. அத்தை ஒண்ணும் செய்யலதான்.

— அப்ப ஆண்டவர் கையை எடுத்துட்டாருன்னுதானே அர்த்தம்? வேணாம்ங்குறாருன்னுதானே? அவர் சொல்லித்தான் சரின்னேன். அவரே போயிட்டா நான் எதைப் பிடிச்சுக்கிட்டுப் படுக்கிறது?

— என்கிட்டயா கேக்குற?

— முப்பது வருஷம் ஞாயித்துக்கிழமை ஞானோபதேசம் சொல்லிக்குடுத்தது நீங்கதானே! இதுக்கு ஏதாவது சட்டம் இருக்கா? இந்த மாதிரி வத்திப் போற நேரத்துல என்ன பண்ணணும்னு பெரியவங்க யாராவது சொல்லி வச்சிருக்காங்களா?

— இருக்கு.

— என்னது?

— சொல்ல மாட்டேன்.

— ஏன் அண்ணி?

— ஏன்னா அந்தச் சட்டம் எனக்குச் சாதகமா இருக்கு.

— புரியல.

— நான் எதைச் சொன்னாலும் என் வாய் பேசுதா, என் வயிறு பேசுதான்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பசியா இருக்கிறவன்கிட்ட போய் விருந்து வைக்கலாமா வேணாமான்னு யோசனை கேக்கலாமா? போய்க் கோயில் சாமியாரைக் கேளு.

— சாமியார் ஊர்ல இல்ல. கூட்டத்துக்குப் போயிருக்காரு. போன் அடிச்சா எடுக்கல.

— அப்ப கேக்காத… ஸ்ஸ்… ஐயோ… காலு, காலு…

— என்னாச்சு? சிஸ்டர்! சிஸ்டர்!

— கத்தாதீங்கம்மா, வந்துட்டேன். டீச்சரம்மா, கெண்டைக்கால் இழுக்குதா? பாதத்தை மேல தள்ளுங்க, என் கையில தள்ளுங்க, சரியா? இன்னைக்கு ரெண்டரை கிலோ தண்ணி எடுக்கிறோம்ல, அதான் பிடிக்குது. கொஞ்சம் குறைச்சு வைக்கிறேன். இப்ப?

— விட்டுடுச்சு.

— பிரஷர் சரியாத்தான் இருக்கு. இதான் கடைசின்னு நினைச்சுக்கோங்க டீச்சரம்மா. நாளைக்கு அப்புறம் இந்த நாற்காலிக்கு டாட்டா காட்டிடலாம். என்னக்கா, நீங்க ஏன் அழுறீங்க? அவங்களுக்கே ஒண்ணுமில்ல.

— தூசி விழுந்துடுச்சு.

— சரி, பேசிட்டிருங்க. அடுத்த ரூம்லதான் இருக்கேன்.

— …இந்தா பாரு. அந்தப் பொண்ணு ‘நாளைக்கு’ன்னு சொன்னதும் உன் முகம் செத்துப்போச்சு. முழு வாக்கியமா பேசு. என்ன பண்ணியிருக்க?

— அண்ணி…

— எழுவாய், பயனிலை, ரெண்டும் இருக்கணும்.

— நான் காலையில டாக்டர்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன்.

— அவர் கேட்டாரா, நீயா போய்ச் சொன்னியா?

— கடைசியா ஒரு தடவை தனியா கூப்பிட்டுக் கேப்பாங்கல்ல, யாராவது வற்புறுத்துறாங்களான்னு. கதவைச் சாத்திட்டு, ‘உங்களுக்கு முழு சம்மதமாம்மா’ன்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமா. முடியல சார்னு வந்துடுச்சு. அவர் கோவிக்கல. ‘பரவாயில்ல, காரணத்தை யார்கிட்டயும் சொல்ல மாட்டோம். கொடையாளி பொருத்தமா இல்லன்னு மட்டும் நாலு மணிக்கு வந்து சொல்றேன். உங்களை யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க’ன்னாரு. எனக்கு அப்ப உயிரே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. வெளிய வந்து வராந்தாவுல பத்தடி நடந்தேன். அதுக்குள்ள திரும்பவும் போயிடுச்சு.

— அப்ப ஏன் இங்க வந்து உக்காந்திருக்க? அவரே சொல்லியிருப்பாரே.

— தெரியல. வீட்டுக்குப் போகக் கால் வரல.

— ம்.

— திட்டுங்க அண்ணி. நாலு அறை அறைஞ்சாலும் வாங்கிக்கிறேன். இப்படிச் சும்மா இருக்காதீங்க.

— கோவம் வருது. அடக்கிட்டு இருக்கேன். அடக்கிட்டேன்னு நினைச்சுடாத, இன்னும் அடக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். எனக்குச் சாகறதுக்குப் பயம், தெரியுமா உனக்கு? ‘மரணம் ஒரு வாசல்’னு எத்தனை பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன். அந்த வாசல் பக்கத்துல நிக்கிறப்பதான் தெரியுது, காத்து எவ்வளவு குளுரா அடிக்குதுன்னு. ரெண்டு வருஷமா நான் ஆசைப்பட்டது என்ன தெரியுமா? பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு சொம்பு தண்ணி. அண்ணாந்து, மூச்சு விடாம, கழுத்தெல்லாம் நனைய. இன்னும் நாலு நாள்ல குடிச்சுடலாம்னு விரல் விட்டு எண்ணிட்டிருந்தேன்.

— ஐயோ அண்ணி…

— இரு, முடிக்கல. கோவம் வருது, ஆனா நீ தப்பு பண்ணலை. தானம்னா வாங்குறவ முகத்துக்காகக் குடுக்கக் கூடாது. பயந்து குடுக்கக் கூடாது. வீட்டுக்குப் போ. உன் மகளுக்கு வாய்க்கு ருசியா எதையாவது செஞ்சு போடு. நாலு மணிக்கு டாக்டர் வந்து சொன்னா, நான் இப்பதான் கேக்குற மாதிரி, ‘அப்படியா டாக்டர்’ங்குறேன். பள்ளிக்கூட நாடகத்துல நடிச்சவதான்.

— அப்ப… இப்ப அந்தச் சட்டத்தைச் சொல்லலாம்ல. இப்ப உங்களுக்கு அதுல ஆதாயம் இல்லையே.

— இன்னும் நாலு ஆகல. மூணு முப்பத்தஞ்சு.

— சாதகமான சட்டம்னீங்க. உங்களுக்குச் சாதகம்னா… வத்திப் போன நேரத்துல, முன்னாடி எடுத்த முடிவை மாத்தாதேன்னுதானே இருக்கணும்?

— நான் சொல்லவே இல்ல.

— ஆனா அதுதானே?

— நான் வாயே திறக்கல! நீயா வெட்டுன, நீயா தச்ச. என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாத.

— அப்ப அந்த இனிப்பு எதுக்கு? பாதி வழியில பிடுங்கிக்கிறதுக்கு எதுக்குக் குடுக்கணும்? நான் என்ன பச்சைப் பிள்ளையா, மிட்டாயைக் காட்டிக் கூட்டிட்டு வந்து ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டுப் போறதுக்கு?

— நல்லா கேள்வி கேக்குற. என் வகுப்புல நீ இருந்திருக்கணும்.

— பதில் சொல்லுங்க.

— பதில் தெரிஞ்சா நான் ஏன் அறுபத்தோரு வயசுல முழங்கால் வலியை மட்டும் சொல்லிட்டிருக்கேன்? எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அது கூலி இல்ல. கூலியா இருந்தா ஒருநாள்கூட பூசைக்குத் தவறாத எனக்கு மூட்டை மூட்டையா வந்திருக்கணும். ஆடிக்கொரு தரம் அமாவாசைக்கொரு தரம் கோயிலுக்கு வந்த உனக்கு வந்திருக்கக் கூடாது.

— ஆமா, நான் ஒழுங்கா வந்ததில்லதான். அந்தப் பிள்ளை போனதுலேர்ந்து எனக்குக் கோயில்னாலே ஒரு… அதை ஏன் இப்ப.

— சொல்லு. வந்த வார்த்தையை முழுங்காத.

— வேணாம் அண்ணி. உங்க உடம்பு இருக்கிற நிலைமையில.

— என் உடம்பை இந்த மெஷின் பாத்துக்கும். இருபது வருஷமா நாம ரெண்டு பேரும் அதைப் பேசுனதே இல்ல. மூணு நாற்பதாச்சு. இன்னைக்கும் பேசலன்னா எப்ப?

— சரி, சொல்றேன். என் மூத்தது ஏழாம் மாசத்துலயே வந்துட்டான். ரெண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள்ள. என் உள்ளங்கை அளவுதான் இருந்தான். ரெண்டாம் நாள் மத்தியானம் உயிர் நிக்காதுன்னுட்டாங்க. ஞானஸ்நானம் குடுக்கச் சாமியாருக்குச் சொல்லி விட்டா அவர் பாலம் தாண்டி எங்கயோ இருந்தாரு. அவசரத்துக்கு யாரும் குடுக்கலாம்னு உங்க தம்பி உங்களுக்குப் போன் பண்ணாரு. எங்க கல்யாணத்துக்கே ‘தையல்காரிதான் கிடைச்சாளா’ன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருந்த நீங்க, ஆட்டோ பிடிச்சு வந்தீங்க. என்னைச் சக்கர நாற்காலியில கதவுகிட்ட நிறுத்தியிருந்தாங்க. நான் எல்லாத்தையும் பாத்தேன்.

— என்ன பாத்த?

— நர்ஸ்கிட்ட சுத்தமான தண்ணி கேட்டீங்க. ஊசி இல்லாத சிரிஞ்சுல எடுத்துக் குடுத்தாங்க. பெட்டியோட ஓட்டை வழியா கையை விட்டு, அவன் தலையில மூணு தடவை விட்டீங்க. ஞானஸ்நான வார்த்தையைச் சொன்னீங்க. எங்ககிட்ட கேக்காம உங்கப்பா பேரை வச்சீங்க. கையைத் தொடைச்சீங்க. கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. வாசல்ல நான் இருக்கேன், என்னைத் தாண்டிப் போனீங்க. தோளைக்கூடத் தொடல. அப்புறம் அரை மணி நேரத்துல அவன் போயிட்டான். அன்னைக்குப் போனவங்கதான், அதுக்கப்புறம் எங்க வீட்டு வாசப்படியே மிதிக்கல. என் மக பிறந்தப்பகூட தபால்ல வாழ்த்து அனுப்புனீங்க.

— ஆமா.

— கல்லுன்னு நினைச்சேன். என் வாழ்க்கையில உங்களைத் தவிர யாரையும் அப்படி வெறுத்ததில்ல அண்ணி. இந்தப் பொம்பளைக்குள்ள ஒண்ணுமே இல்லாம, பள்ளிக்கூட ரிஜிஸ்டர்ல பேரு எழுதுற மாதிரி என் பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்துட்டுப் போறாளே, இது செல்லுமான்னுகூடத் தோணியிருக்கு. இப்ப வாய்விட்டுக் கேக்குறேன். உள்ள ஒண்ணும் இல்லாம செஞ்சா அது செல்லுமா?

— செல்லும்.

— உறுதியா?

— குடுக்கணும்ங்குற எண்ணம் இருந்துச்சு. தண்ணி இருந்துச்சு. வார்த்தை இருந்துச்சு. ஊத்துறவ மனசு எப்படி இருந்துச்சுன்னு யாரும் பாக்கிறது இல்ல. அழுதுக்கிட்டே குடுத்தாலும் செல்லும், கல்லா நின்னு குடுத்தாலும் செல்லும். உன் பிள்ளை ஒரு குறையும் இல்லாம ஆண்டவர்கிட்ட போனான். அதுல மட்டும் சந்தேகப்படாத.

— அப்ப… உள்ள ஒண்ணும் இல்லாமலே செய்யலாம்.

— நான் ஞானஸ்நானத்தைப் பத்திச் சொன்னேன்.

— நானும் அதைப் பத்தித்தான் யோசிக்கிறேன். சும்மா இருங்க கொஞ்சம்.

— …என்ன, பையை எடுக்குற? வீட்டுக்கா? போயிட்டு வா.

— சிஸ்டர்! சிஸ்டர், கொஞ்சம் வாங்க!

— என்னக்கா? திரும்பக் கால் பிடிச்சிடுச்சா?

— இல்லம்மா. டாக்டர் எங்க இருக்காரு? நாலு மணிக்கு அவர் இங்க வர்றதுக்கு முன்னாடி அவருக்கு ஒண்ணு சொல்லணும். காலையில தையல்கடை அம்மா சொன்னதைத் திருப்பி வாங்கிக்கிறாங்கன்னு சொல்லுங்க. அப்படியே சொல்லுங்க, அவருக்குப் புரியும்.

— ஏய், என்ன பண்ற நீ?

— நீங்க பேசாதீங்க அண்ணி. சிஸ்டர், ஓடுங்கம்மா. மணி ஆகுது.

— சரி சரி, போறேன். நீங்க உக்காருங்க. விழுந்துடப் போறீங்க.

— இந்தா பாரு, அந்த இனிப்பு திரும்பி வந்துடுச்சா உனக்கு?

— இல்ல.

— துளிகூட?

— ஒண்ணும் இல்ல. நாக்கு ஒட்டுது. போயிடலாமான்னு இப்பவும் கால் சொல்லுது. ஆனா ஒன்றரை மாசம் ஒரு வெளிச்சத்துல பாத்தேன்ல, அப்ப பாத்தது பொய்யில்லையே. விளக்கை அணைச்சா ரூம்ல இருந்த சாமான் எல்லாம் ஓடியா போயிடும்? அங்கயேதானே இருக்கும்? தடவித் தடவிப் போறேன். நீங்க கல்லா நின்னு என் பிள்ளைக்குச் செஞ்சீங்க. நானும் கல்லா படுத்து உங்களுக்குச் செய்றேன்.

— கல்லாவா…

— ஏன் முகம் அப்படி ஆகுது? சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன். அண்ணி? நெஞ்சு வலிக்குதா?

— இல்ல.

— பின்ன?

— நான் ஒரு பொய்யை நிக்க விட்டுட்டேன். நீ கல்லுன்ன, நான் மறுக்கல. சட்டத்தை மறைச்சது நியாயத்துக்காக. இதை மறைச்சது… அதை நம்பி நீ உடம்பைக் கொண்டு போய் வைக்கப் போற. அதை வாங்கிக்கிட்டு நான் உயிரோட இருக்க முடியாது.

— என்ன சொல்றீங்க?

— நான் சொன்னா நீ எழுந்து போயிடுவ. போனா நான் தடுக்க மாட்டேன்.

— அண்ணி, பயமுறுத்தாதீங்க. அன்னைக்கு என் பிள்ளைக்கு ஒழுங்காத்தானே ஊத்துனீங்க? வார்த்தையைத் தப்பா சொல்லிட்டீங்களா?

— இல்லம்மா, இல்ல! அது எல்லாம் சரி. அதுல ஒரு எழுத்து பிசகல.

— அக்கா, டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். படியிலயே பிடிச்சுட்டேன். ரவுண்ட்ஸை நிறுத்தி வச்சிருக்காரு. இந்தாங்க, புது ஃபாரம். இதுல கையெழுத்து போட்டு எடுத்துட்டு அவர் ரூமுக்கு நீங்க மட்டும் வரணுமாம். இன்னொரு தடவை கதவைச் சாத்திட்டுக் கேப்பேன்னு சொல்லச் சொன்னாரு, சரியா? பேனா இருக்கா?

— கொஞ்சம் இரும்மா. இவங்க ஏதோ சொல்ல வர்றாங்க. சொல்லுங்க அண்ணி.

— எனக்கு ஒருநாளும் அந்த இனிப்பு வந்தது இல்லன்னுதானே நினைச்சிட்டிருக்க?

— நீங்கதானே சொன்னீங்க, முழங்கால் வலின்னு.

— செபத்துல வந்தது இல்ல. பூசையில வந்தது இல்ல. ஒரே ஒரு தடவை வந்துச்சு. உன் பிள்ளை தலையில ரெண்டாவது தடவை தண்ணி விடுறப்ப.

— என் பிள்ளை தலையிலயா?

— எங்கேர்ந்துன்னு தெரியல. அந்தச் சின்ன தலை என் விரலுக்குக் கீழ சூடா இருந்துச்சு. சாகப் போற பிள்ளை. எனக்குள்ள சந்தோஷம். சும்மா இல்ல, நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். அந்தப் பெட்டியைச் சுத்தி யார் யாரோ நிக்கிற மாதிரி, ஒரு பெரிய வீட்டுல புது ஆளை வரவேற்கக் கூடியிருக்கிற மாதிரி. சிரிப்பு வந்துடுமோன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். அதைத்தான் நீ கல்லுன்னு பாத்த. திரும்புனா நீ அந்த நாற்காலியில, தையல் போட்ட வயித்தோட, ஈரமான மார்போட. பெத்தவ துடிக்கிறப்ப எனக்கு எப்படிடி சந்தோஷம் வரும்? நான் என்ன பேயான்னு நினைச்சேன். உன் தோளைத் தொட்டா என் கை வழியா அது உனக்குத் தெரிஞ்சிடும்னு ஓடிட்டேன். அதுக்கப்புறம் உன் முகத்தைப் பாக்கத் தைரியம் இல்ல. சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொன்னதில்ல. அந்த ஒரு நிமிஷத்தை வச்சுக்கிட்டுத்தான் இருபது வருஷ வறட்சியை ஓட்டியிருக்கேன், ஆனா திருடி வச்சிருக்கிற மாதிரிதான் ஓட்டினேன். அவ்வளவுதான். இப்ப நீ போகலாம்.

— டீச்சரம்மா, அழாதீங்க, பிரஷர் ஏறுது. அக்கா, நீங்களாவது ஏதாவது சொல்லுங்க. அக்கா? டாக்டர் காத்துட்டிருக்காரு. ஃபாரத்தைத் திருப்பிக் குடுத்துடவா?

— வேணாம், பேனாவைக் குடும்மா… அண்ணி, அன்னைக்கு அந்த ரூம்ல ஆண்டவர் இருந்தாரா இல்லையான்னு இருபது வருஷமா நான் சுவரைக் கேட்டுட்டிருக்கேன். அந்தச் சந்தோஷம் எனக்குக் குடுக்கச் சொல்லி அவர் உங்க கையில குடுத்து அனுப்புனது, இவ்வளவு நாள் நீங்களே வச்சுக்கிட்டீங்களே!